சீமைக்கருவேலம்: வெட்ட வெட்ட முளைப்பது ஏன்? வாட்ஸ்அப் சொல்வதில் எது உண்மை?

இந்த மரத்தடியில் மாட்டைக் கட்டினால் மலடாகிவிடுமாம். காற்றில் இருக்கும் ஈரத்தை எல்லாம் உறிஞ்சி மழையே வரவிடாமல் செய்யுமாம். ஆக்சிஜன் தராதாம். பறவைகள் கூடு கட்டாதாம். கேரளாவில் ஒரு மரம்கூட விடாமல் பிடுங்கிப் போட்டுவிட்டார்களாம்.

சீமைக்கருவேலம் பற்றி இப்படி ஒரு ஃபார்வர்டு உங்கள் குடும்ப குரூப்பிலும் ஒருமுறையாவது வந்திருக்கும். பத்து வருடத்துக்கும் மேலாக அதே வரிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இதில் பெரும்பாலானவை தவறு. ஆனால் அதுமட்டும் பிரச்சினை இல்லை. இந்த மரத்தால் உண்மையிலேயே வரும் பாதிப்புகள் அந்த ஃபார்வர்டில் ஒழுங்காக இடம்பெறவில்லை. எப்படி அகற்றினால் திரும்ப வராது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி போய்ச் சேராததால்தான் ஜேசிபி வைத்து சுத்தம் செய்த கண்மாய், இரண்டு மழைக்காலம் போனதும் முன்பைவிட அடர்ந்த முள்காடாகிக் கிடக்கிறது.

இத்தனைக்கும் இந்த மரத்தைப் பற்றி உலகம் முழுவதும் நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவை சொல்வது என்ன?

யார் கொண்டுவந்த மரம் இது?

மெக்சிகோ, கரீபியன் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி. சீமைக்கருவேலத்தின் சொந்த ஊர் இவைதான். புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்பது பலருக்குத் தெரிந்த அறிவியல் பெயர். 2022இல் தாவரவியலாளர்கள் அந்தப் பேரினத்தையே பிரித்து, இதற்கு நெல்டுமா ஜூலிஃப்ளோரா என்று புதுப்பெயர் வைத்தார்கள். நம் ஊர் வன்னி மரம் மட்டும் பழைய புரோசோபிஸ் என்ற பெயரிலேயே இருக்கிறது. ஆமாம், கோயில்களில் தல விருட்சமாக இருக்கும் வன்னியும் இதுவும் பங்காளிகள்தான்.

அமெரிக்கா சதி செய்து விதையை அனுப்பியது என்று ஒரு கதை உண்டு. ஆவணங்கள் காட்டுவது வேறு. 1876இல் மதராஸ் மாகாணத்தில் வனப் பாதுகாவலராக இருந்த பெட்டோம் என்ற ஆங்கிலேய அதிகாரி, வறண்ட பகுதிகளில் நடுவதற்காக இந்த விதைகளை வரவழைக்கக் கேட்டு அரசுக்கு எழுதினார். அடுத்த ஆண்டு இன்றைய ஆந்திராவின் கடப்பா பகுதியில் நடப்பட்டது. வறட்சியைத் தாங்கும், உப்பு மண்ணிலும் வளரும், நல்ல விறகு கொடுக்கும். அன்றைக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

1930களில் ஜோத்பூர் மகாராஜா விமானத்திலிருந்தே விதையைத் தூவவிட்டார். 1940இல் அந்த சமஸ்தானம் இதை 'ராஜ மரம்' என்று அறிவித்துப் பாதுகாக்கச் சொன்னது. 1961இல் குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள பன்னி புல்வெளியில், உப்பு நிலம் பரவுவதைத் தடுக்க என்று 31,000 ஹெக்டேருக்கும் மேல் நட்டார்கள். இன்று அந்தப் புல்வெளியின் பெரும்பகுதி இந்த மரத்தின் பிடியில். அங்கே எருமை மேய்ப்பவர்கள் இதை 'காண்டோ பாவள்' என்கிறார்கள். அதாவது பைத்தியக்காரக் கருவேலம்.

தமிழ்நாட்டில் வயலுக்கு வேலியாகவும் அடுப்புக்கு விறகாகவும்தான் ஊருக்குள் வந்தது. வேலிக்காத்தான், வேலிக்கருவை என்று பெயர் வந்ததே அதனால்தான். கேஸ் அடுப்பு வராத காலத்தில் ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கை பக்கம் பல வீடுகளில் உலை கொதித்தது இந்த விறகில்தான். அதையும் சொல்லாமல் விட முடியாது.

காற்றின் ஈரத்தை உறிஞ்சுமா?

இல்லை. எல்லா மரமும் வேர் வழியாக நீரை எடுத்து, இலை வழியாகக் காற்றில் ஆவியாக விடுகிறது. சீமைக்கருவேலமும் அதையேதான் செய்கிறது. காற்றிலிருந்து ஈரத்தை எடுத்து மழையைத் தடுக்கும் வேலை எதுவும் அதற்குத் தெரியாது. சொல்லப்போனால் அது காற்றுக்கு ஈரத்தைக் கொடுக்கிற மரம்.

ஆக்சிஜன் கதையும் அப்படித்தான். பச்சை இலை இருக்கிறது, வெயில் இருக்கிறது, ஒளிச்சேர்க்கை நடக்கிறது. மற்ற மரங்கள் போல இதுவும் ஆக்சிஜன் விடுகிறது.

பறவைகள் கூடு கட்டாது என்பதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை. தென் மாவட்டக் கண்மாய்களில் கொக்கும் நாரையும் சீசனுக்கு வரும்போது நேரில் போய்ப் பார்த்தால் போதும். நாட்டுக் கருவேலத்தில் கட்டுவதுபோல இதிலும் கட்டுகின்றன.

கேரளா விஷயம்? இது வறண்ட நிலத்து மரம். கேரளாவின் மழைக்கும் அடர்ந்த பசுமைக்கும் நடுவே இது பெரிதாகப் பரவ வழியில்லை. யாரும் பிடுங்கியதால் இல்லாமல் போகவில்லை. அமெரிக்காவில் இதன் உறவுக்கார மரங்களுக்கு மெஸ்கீட் என்று பெயர். டெக்சாஸில் பார்பெக்யூ கடைகள் அந்த விறகைத் தேடி வாங்குகின்றன. அதேசமயம் மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்கள் அதே மரத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். அங்கேயும் ஒரே மரம்தான், ஆளுக்கு ஒரு நியாயம்.

அப்போ தண்ணீரைக் குடிக்கவில்லையா?

குடிக்கிறது. நன்றாகவே குடிக்கிறது. எவ்வளவு என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

எத்தியோப்பியாவில் அஃபார் என்று ஒரு வறண்ட பகுதி. அங்கே சுமார் 11.8 லட்சம் ஹெக்டேர் பரப்பில் இந்த மரம் பரவிக் கிடக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் மரத்தின் தண்டில் கருவி பொருத்தி, உள்ளே நீர் ஏறும் வேகத்தை அளந்தார்கள். ஒரு மரம் நாளைக்கு 1 லிட்டரிலிருந்து 36 லிட்டர் வரை எடுத்தது. சராசரி 7 லிட்டர். 2021இல் வெளியான இந்த முடிவைப் பார்த்ததும், இவ்வளவுதானா என்று தோன்றும்.

ஆனால் இந்த மரம் தனியாக நிற்பதில்லை, தோப்பாகத்தான் நிற்கும். அடர்த்தியாக இருக்கும் இடத்தில் மண்ணும் மரமும் சேர்ந்து நாளைக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் நீரை ஆவியாக்குகின்றன என்கிறது அதே ஆய்வு. மில்லிமீட்டர் என்றால் யாருக்கும் புரியாது. நம் கணக்குக்கு மாற்றினால், ஒரு ஏக்கரில் நாளைக்கு ஏறத்தாழ 15,000 லிட்டர். ஒரு பெரிய தண்ணி லாரி நிறைய. ஒவ்வொரு நாளும்.

அஃபார் பகுதி முழுவதுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 310 முதல் 330 கோடி கன மீட்டர் நீர் போகிறது. டிஎம்சி கணக்கில் 109க்கும் மேல். மேட்டூர் அணை முழுதாக நிரம்பினால் 93.47 டிஎம்சி. அதாவது நிரம்பிய மேட்டூரைக் காலி செய்துவிட்டு, மேலும் கேட்கும் அளவு.

இந்த எண்ணை எடுத்து நாளைக்கே இன்னொரு ஃபார்வர்டு போட்டுவிடக் கூடாது. நெல் வயலிலிருந்தும் நாளைக்கு 5 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் ஆவியாகிறது. சீமைக்கருவேலத்தைவிட அது அதிகம். வித்தியாசம் எங்கே என்றால், நெல் நான்கு மாதத்தில் முடிந்துவிடும், பதிலுக்குச் சோறு போடும். இந்த மரமோ கோடையிலும் பச்சையாக நிற்கிறது. மற்ற செடிகள் எல்லாம் காய்ந்து ஓய்வெடுக்கும் மாதங்களிலும் இது நீரை எடுத்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஏற்ற வேரும் இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் இந்த வகை மரத்தின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் கண்டெடுத்தார்கள். எல்லா மரமும் அந்த ஆழத்துக்குப் போகாது. ஆனால் தண்ணீர் கீழே இருந்தால் தேடிப் போகும் திறமை உண்டு.

ஆக, எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பாதிப்பு. கண்மாய்க்குள், வரத்துக் கால்வாயில், ஆற்றுப் படுகையில் நின்றால் நிலத்தடி நீரை நேரடியாக எடுக்கும். அதோடு தண்ணீர் ஓடும் வழியையும் அடைக்கும். மழை பெய்தும் கண்மாய் நிறையாத ஊர்களில் முதலில் பார்க்க வேண்டியது வரத்துக் கால்வாயைத்தான். அதுவே தண்ணீர் எட்டாத மேட்டுத் தரிசில், உவர் மண்ணில் நின்றால் கதை வேறு. இதுவும் அவரை, துவரை போலப் பயறு வகைக் குடும்பம்தான். வேர் முடிச்சுகள் மூலம் மண்ணில் நைட்ரஜன் சேர்க்கும். ஹரியானாவின் கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையம், களர் நிலத்தைத் தேற்றுவதற்கே இந்த மரத்தை நட்டுச் சோதித்திருக்கிறது.

மண்ணைக் கெடுக்கும் என்று ஒரே வரியில் சொல்பவரும் பாதிதான் சொல்கிறார். மண்ணுக்கு நல்லது என்பவரும் பாதிதான் சொல்கிறார்.

அடியில் ஏன் ஒன்றும் முளைப்பதில்லை?

இதைக் கிராமத்தில் யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அடர்ந்த சீமைக்கருவேலத்துக்குக் கீழே புல் இருக்காது. உதிரும் இலையில் இருந்து கசியும் வேதிப்பொருட்கள் மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கின்றன. நிழல், தண்ணீர்ப் போட்டி எல்லாம் அதோடு சேர்ந்துகொள்கின்றன.

இங்கே சுவாரசியமான ஒரு விஷயம் உண்டு. இதே மரத்தின் அடியில் வெனிசுவேலாவில் என்ன முளைக்கிறது, இந்தியாவில் என்ன முளைக்கிறது என்று ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2012இல் முடிவு வெளியானது. சொந்த ஊரான வெனிசுவேலாவில் இதன் நிழலில் மற்ற செடிகள் கூடுதலாகவே வளர்ந்திருந்தன. இந்தியாவில் குறைந்திருந்தன. ஆனால் இந்தியாவிலேயே வன்னி மரத்தின் அடியில் செடிகள் நன்றாக வளர்ந்தன. பங்காளி மரம், அதே மண், எதிர்மாறான முடிவு. நம் ஊர்ச் செடிகள் இந்த விருந்தாளியோடு பழகியதில்லை. அதனால் அதை எதிர்த்து நிற்கவும் அவற்றுக்குத் தெரியவில்லை என்பதுதான் இதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

புல் போனால் மேய்ச்சல் போகும். கிடை போடுபவர்களும் ஆடு மாடு வைத்திருப்பவர்களும்தான் முதலில் அடி வாங்குகிறார்கள்.

மாடு மலடாகும் என்பது பொய். ஆனால் கால்நடைக்கு ஒன்றுமே ஆகாது என்பதும் சரியில்லை. இலையை ஆடு மாடு பெரும்பாலும் தொடாது. நெற்று இனிப்பாக இருக்கும், அதை விரும்பித் தின்னும். மற்ற தீவனத்தோடு கொஞ்சமாகத் தின்றால் சத்துதான். வேறு எதுவும் கிடைக்காமல் அதையே தின்று கொண்டிருந்தால் செரிமானக் கோளாறு வரும், பல்லும் கெடும். கென்யாவின் பரிங்கோ பகுதியில் ஆடுகளுக்குப் பல் கொட்டிப்போக, 2006இல் அங்கிருந்த மக்கள் இந்த மரத்தைக் கொண்டுவந்தவர்கள் மீது வழக்குப் போட்டார்கள். சாட்சியாகப் பல்லில்லாத ஓர் ஆட்டையே நீதிமன்றத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

நெற்று தின்ற ஆடு மாடுதான் இந்த மரத்தின் இலவச லாரி சர்வீஸும். வயிற்றுக்குள் போய் வரும்போது விதையின் கெட்டியான தோல் இளகிவிடுகிறது. சாணத்தோடு விழும்போது எரு, ஈரம் எல்லாம் ரெடி. மேய்ச்சலுக்குப் போன பாதை முழுக்கக் கன்று முளைக்கும்.

சரி, வெட்டினால் ஏன் திரும்ப வருகிறது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

சீமைக்கருவேலத்தின் உயிர் தண்டில் இல்லை, தூரில் இருக்கிறது. தண்டும் வேரும் சேரும் அந்த அடித்தூரில், மண்ணுக்குக் கொஞ்சம் கீழேயே, தூங்கும் மொட்டுகள் நிறைய உண்டு. தரை மட்டத்தில் அரிவாள் போட்டாலும், ரம்பம் வைத்து அறுத்தாலும் அந்த மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு கிளைகள் கிளம்பும். கீழே பெரிய வேர் ஏற்கெனவே தயாராக இருப்பதால் வளர்ச்சி வேகமாக இருக்கும். விறகு வியாபாரிக்கு இது தெரியும். அதனால்தான் தரையை ஒட்டி வெட்டி எடுத்துவிட்டு, மூன்று நான்கு வருடம் கழித்து அதே இடத்துக்குத் திரும்ப வருகிறார்.

நிரந்தரமாகப் போக வேண்டும் என்றால் தூரோடு எடுக்க வேண்டும். மொட்டுகள் இருக்கும் பகுதி, அதாவது மண்ணுக்குக் கீழே 10 முதல் 30 சென்டிமீட்டர் வரை, முழுசாக வெளியே வர வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் ஆணிவேர் அறுந்து உள்ளே கிடந்தால் பரவாயில்லை, அது துளிர்க்காது. ஐம்பது மீட்டர் வேரை எப்படித் தோண்டுவது என்று பயந்து கைவிட வேண்டியதில்லை. முழங்கை ஆழம்தான் விஷயம்.

அதோடு வேலை முடிந்ததா என்றால், இல்லை. மண்ணுக்குள் விதைகள் காத்திருக்கும். ஒரு நெற்றுக்குள்ளேயே பத்துக்கும் மேற்பட்ட விதைகள் உண்டு. அவை பல வருடங்கள் உயிரோடு கிடக்கக்கூடியவை. பெரிய மரத்தை எடுத்துவிட்டால் வெளிச்சம் தரைக்கு வரும், அடுத்த மழைக்குக் கன்றுகள் கூட்டமாகக் கிளம்பும். அவற்றைப் பிடுங்க ஜேசிபி வேண்டாம், ஈர மண்ணில் கையாலேயே வந்துவிடும். ஆனால் யாராவது போய்ப் பிடுங்க வேண்டும். முதல் வருடம், இரண்டாம் வருடம், மூன்றாம் வருடமும். டெண்டர் விட்டு மரத்தை எடுக்கும்போது ஒதுக்கும் பணத்தில் இந்த மூன்று வருடத்துக்கு இடமே இருப்பதில்லை. காசு வீணாகப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

இன்னொன்று, எடுத்த இடத்தைச் சும்மா விடக் கூடாது. வெறும் மண் என்பது சீமைக்கருவேலத்துக்கு வைத்த அழைப்பிதழ். கரையில் பனை, உள்வாய்ப் பகுதியில் நாட்டுக் கருவேலம், மேட்டில் வேம்பு, புங்கை, மேய்ச்சல் நிலமானால் புல். எதையாவது அந்த இடத்தில் குடியேற்ற வேண்டும். கண்மாய்க் கரை மேலேயே நிற்கும் மரத்தை மட்டும் இயந்திரம் வைத்து வேரோடு பெயர்த்தால் கரை பலவீனமாகும். அங்கே பொறியாளரைக் கேட்டு, குழியை உடனே மண் போட்டு இறுக்கித்தான் செய்ய வேண்டும்.

டெல்லியில் வேறொரு வழி. அங்கே ரிட்ஜ் காடு முழுக்க இந்த மரம். மொத்தமாக வெட்டினால் நகரத்தின் பசுமையே போய்விடும். டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு சொன்ன யோசனை, மரத்தை வெட்டாமல் மேல் கிளைகளை மட்டும் கழிப்பது. உள்ளே வெயில் இறங்கும். அந்த இடைவெளியில் உள்ளூர் மரக்கன்றுகளை வளர்த்து, அவை ஓங்கியதும் சீமைக்கருவேலம் தானாக நிழலில் நலிந்துபோக விடுவது. மெதுவான வேலைதான், ஆனால் ஒரு நாள்கூட நிலம் மொட்டையாக நிற்காது.

2017இல் என்ன நடந்தது?

மதிமுக பொதுச்செயலாளர் வைகோ தொடர்ந்த வழக்கில், 2017 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேல மரங்களை அகற்ற உத்தரவிட்டது. கண்காணிக்க வழக்கறிஞர் ஆணையர்கள் நியமிக்கப்பட்டார்கள். தமிழ்நாடு அப்போது கடும் வறட்சியில் இருந்தது. மாணவர்கள், கட்சிக்காரர்கள், இளைஞர் அமைப்புகள் எல்லோரும் அரிவாளோடு களத்தில் இறங்கினார்கள். ஆர்வத்தில் குறையே சொல்ல முடியாது.

ஆனால் பல இடங்களில் நடந்தது தரைமட்ட வெட்டுதான். கூடவே நாட்டுக் கருவேலமும் சேர்ந்து விழுந்தது. அறிவியல் ஆய்வு இல்லாமல் மரங்களை அழிக்கலாமா என்று கேட்டு இன்னொரு பொதுநல மனு போனது. ஏப்ரலில் சென்னையில் உயர் நீதிமன்றத்தின் முதல் அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. ஒரே ஆண்டில், ஒரே நீதிமன்றத்தில், வெட்டு என்றும் நிறுத்து என்றும் உத்தரவு. வழக்கு பிறகும் நீண்டது. நீதிமன்றத்தின் தொடர் அழுத்தத்துக்குப் பிறகு, அந்நிய ஊடுருவல் தாவரங்களைக் கட்டுப்படுத்தவும் அவை பரவிய இடங்களை மீட்கவும் தமிழக அரசு 2022இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. சீமைக்கருவேலம் மட்டுமில்லை, உண்ணிச்செடி, மஞ்சள் கொன்றை போல மலைக்காடுகளை அடைத்து நிற்கும் செடிகளும் அதில் வருகின்றன. அகற்றுவதோடு நிற்காமல் அந்த இடத்தின் இயல்பான தாவரங்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதை அந்தக் கொள்கை பேசுகிறது. 2017இல் விடுபட்டது அதுதான்.

கரிமூட்டக்காரர்களை யார் கேட்டார்கள்?

முதுகுளத்தூர், கமுதி, திருச்சுழி பக்கம் போனால் ரோட்டோரம் மண்மேடு போலப் புகைந்துகொண்டிருக்கும். அதுதான் கரிமூட்டம். விறகை அடுக்கி, வைக்கோல், மண் போட்டு மூடி, காற்று அதிகம் போகாமல் நாள்கணக்கில் வேகவைத்து எடுக்கும் கரி. வெட்டுபவர், மூட்டம் போடுபவர், லோடு ஏற்றுபவர் என்று இதை நம்பி நிறைய குடும்பங்கள் இருக்கின்றன. மழை பொய்த்து விவசாயத்தை விட்டுவிட்ட சிறு விவசாயிக்கும், தரிசாகக் கிடக்கும் பட்டா நிலத்தில் சும்மா வளர்ந்த இந்த மரம் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் பணம் தருகிறது.

அவரிடம் போய் மரத்தைப் பிடுங்கு, இல்லையென்றால் அபராதம் என்றால் அவர் என்ன செய்வார்? தூரோடு எடுக்க ஆகும் இயந்திரச் செலவு அந்த விறகு தரும் பணத்தையே தின்றுவிடும். எடுத்த பிறகு விதைக்கத் தண்ணீர் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் மரத்தை மட்டும் வில்லனாக்குவது நியாயமில்லை.

தென்னாப்பிரிக்காவுக்கும் இதே தலைவலி இருந்தது. அங்கே விறகுக்கும் தீவனத்துக்கும் மரம் வேண்டும் என்றவர்கள் ஒரு பக்கம், ஒழிக்க வேண்டும் என்றவர்கள் மறுபக்கம். நடுவழியாக 1987இல் ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மரத்தைத் தொடாது, விதையை மட்டும் துளைத்துத் தின்னும். நிற்கும் மரம் நிற்கட்டும், புதுசாகப் பரவாமல் இருக்கட்டும் என்பது கணக்கு. ஆடு மாடுகள் நெற்றை முந்திக்கொண்டு தின்றுவிட்டதால் வண்டுக்கு முழு வெற்றி கிடைக்கவில்லை என்பது வேறு கதை. 1995இல் அந்த அரசு 'வேலை செய்வோம், தண்ணீருக்காக' என்ற பொருளில் ஒரு திட்டம் தொடங்கி, வேலையில்லாத கிராமத்து மக்களுக்குக் கூலி கொடுத்து அந்நிய மரங்களை அகற்ற வைத்தது. நம் நூறு நாள் வேலை போலத்தான். ஆனால் வெட்டியதோடு விடாமல், அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கன்று பிடுங்குவதும் அந்த வேலையில் ஒரு பகுதி.

தெரிந்த விஷயம் ஏன் ஊருக்கு வரவில்லை?

ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஹெக்டேர், மில்லிமீட்டர், கன மீட்டர் என்று பேசுகின்றன. சிலவற்றைப் படிக்கவே பணம் கட்ட வேண்டும். ஃபார்வர்டு தமிழில் இருக்கிறது, மாட்டைப் பற்றிப் பேசுகிறது, இலவசம். போட்டியில் எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த சிக்கல், நிலம் யாருடையது என்பது. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் இருக்கும் கண்மாய் நீர்வளத்துறையிடம். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். புறம்போக்கு வருவாய்த்துறை. காடு வனத்துறை. மிச்சம் பட்டா நிலம். ஒரு துறை சுத்தம் செய்த கண்மாய்க்கு, பக்கத்து புறம்போக்கிலிருந்து ஆடு விதையைக் கொண்டுவந்து போட்டுவிடும். ஆட்டுக்கு எந்தத் துறை எல்லையும் தெரியாது. ஊர் முழுக்க ஒரே வரைபடமாக வைத்து, எதை முதலில் எடுப்பது, எதை இப்போதைக்கு விடுவது என்று எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால்தான் வேலை நிற்கும். மாவட்டம்தோறும் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலும் இதைச் சொல்லித்தரக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கூப்பிடலாம்.

வெட்டப் போகும் முன் ஒரு நிமிடம்

நாட்டுக் கருவேலத்தைத் தவறுதலாக வெட்டிவிடாமல் இருக்க, பூவைப் பாருங்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ உருண்டையாக, பளிச்சென்ற மஞ்சளில் சின்னப் பந்து போல இருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளத்துக்கு, வெளிர் மஞ்சளில், பூனை வால் போலத் தொங்கும். பூ இல்லாத காலமென்றால் காயைப் பாருங்கள். நாட்டுக் கருவேலங்காய் விதைக்கு விதை இடுங்கி மணிமாலை மாதிரி சாம்பல் நிறத்தில் இருக்கும். சீமையின் நெற்று வைக்கோல் நிறத்தில் நீளமாக, கொஞ்சம் வளைந்திருக்கும். பூவும் இல்லை காயும் இல்லை என்றால் பட்டை. கன்னங்கரேல் என்று ஆழமாக வெடித்திருந்தால் அது நம்ம ஊர் மரம். அப்படியும் சந்தேகமா, ஊரில் ஆடு மேய்க்கும் ஒருவரைக் கேட்டால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

ஏற்கெனவே மரங்களை எடுத்துவிட்ட கண்மாய் உங்கள் ஊரில் இருந்தால், ஐப்பசி மழை விட்டதும் ஒரு நடை போய்ப் பாருங்கள். விரல் உயரத்தில் இரண்டிரண்டு இலையோடு வரிசையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது பிடுங்கினால் ஒரு கையே போதும்.